ஞாபகம் இல்லை என்று சொன்னவள்

கொடைக்கானல் பக்கத்து வில்பட்டியில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் தேவகுமாரியைத்தான் தேடுவார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதாகட்டும், முதியோர் பென்ஷனுக்குப் போடுவதாகட்டும், குமாரி கை பட்ட காகிதம் திரும்பி வராது என்று ஒரு பேர். நல்ல பேர் வாங்குவது கஷ்டம்தான். ஆனால் வாங்கிய பேரைக் காப்பாற்ற மனிதர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், அதை வாங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். குமாரிக்கு நடந்தது அதுதான்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அப்பா யோகராஜ் பத்து வயதில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தவர். மண்டபம் முகாமில் கிடந்து, மரம் வெட்டும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றதும் மலையேறிய கூட்டத்தில் அவருடைய குடும்பமும் ஒன்று. மகளைக் கொடைக்கானலில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மகளும் ஏமாற்றவில்லை. நோட்டுக்கு அட்டை போட்டு, கோடு கிழித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிப் படித்து, கம்ப்யூட்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். சுற்றுலா வேன் ஓட்டும் ஞானவேலைக் கட்டிக்கொண்டு வில்பட்டியிலேயே இருந்துவிட்டாள். காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவாள்.

வேலை, கைவிளக்கு அறக்கட்டளையில். ஏரிக்குப் போகிற சாலையிலிருந்து இறங்கும் சந்தில், பழைய பங்களா ஒன்றின் பக்கவாட்டில் இரண்டு அறைகள், அவ்வளவுதான் அறக்கட்டளை. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் காகிதங்களை ஸ்கேன் செய்து வைப்பது அதன் முக்கியமான சோலி. இந்த மலையில் மழையும் ஈரமும் கரையானும் தின்றது போக மிச்சமிருக்கும் காகிதங்கள் அவை. வீட்டுமனைப் பட்டாவோ சான்றிதழோ கேட்டுப் போகும்போது, இன்ன வருடம் இன்ன கப்பலில் வந்தோம் என்று காட்ட, முகாமில் கொடுத்த குடும்ப அட்டையைத் தவிர அந்தச் சனங்களிடம் ஒன்றும் கிடையாது.

பொறுப்பாளர் புவனா. பழனி அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கெட்டிக்காரி, ஓடியாடி வேலை செய்பவள். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் இரண்டு கையையும் தூக்கிவிடுவாள். "குமாரி பாத்துக்குவா" என்பது அவள் மந்திரம்.

குமாரியும் பார்த்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு ஃபோல்டர், தமிழிலேயே பெயர். இனிஷியல், ஓர் இடைவெளி, பிறகு பெயர். நானூற்றுச் சொச்சம் ஃபோல்டர்கள். பெயர்ப் பட்டியலைத் தனியாக எழுதி வைக்கவில்லை; ஃபோல்டர்களைப் பார்த்து அதுவே தன்னை எழுதிக்கொள்ளும்படி செய்திருந்தாள். எழுதுவதில் தப்பு வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள்.

ஒரு மாசி மாதத்தில் கூக்கால் கிராமத்திலிருந்து வீரம்மா வந்தாள். அறுபதைத் தாண்டிய வயது, பூண்டு உரித்துக் காய்ப்புப் பிடித்த விரல்கள், சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர். பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் துணி, துணிக்குள் குடும்ப அட்டை.

"இனிசியல் சொல்லுங்க பெரியம்மா" என்றாள் குமாரி.

"அது இல்ல பிள்ள. நான் பொறக்கயிலேயே அப்பா இல்ல. மாமன் கார்டுல சேத்துத்தான் கப்பல் ஏறுனோம். அப்பா பேர ஒருத்தரும் எங்கயும் எழுதல."

இல்லாத எழுத்தை நாமாக ஒட்டக்கூடாது என்று குமாரி வெறும் 'வீரம்மா' என்றே ஃபோல்டருக்குப் பெயர் வைத்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. அட்டையின் பக்கங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து திரையில் காட்டினாள். பன்னிரண்டு வயது வீரம்மா, மாமனுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நுவரெலியா, லயத்து வரிசை வீடுகள், கப்பலில் யார் யார் வாந்தி எடுத்தது என்று கொஞ்ச நேரம் கதைத்தார்கள்.

கிளம்பும்போது குமாரி சொன்னாள்: "இனிமே பயமில்ல பெரியம்மா. இது கிழிஞ்சாலும் நனைஞ்சாலும் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் புவனா பட்டியலைப் பார்த்துவிட்டு, மூக்கையா மகள் வீரம்மா இரண்டு தடவை இருக்கிறாள் என்றாள். இது வேறு வீரம்மா, வில்பட்டிக்காரி. ஒரு முறை 'மூ வீரம்மா' என்றும், இன்னொரு முறை 'மூக்கையா வீரம்மா' என்றும் பதிவாகியிருந்தது. முழுப் பெயரை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடு என்றாள் புவனா. ஒரு நிமிட வேலை.

குமாரி வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது அவளுக்குப் பிடிக்காது. அடித்தது மேலே ஓடிப் போய்விடும். அதனால் எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்து, தேதி போட்டு, ஒவ்வொரு கட்டளையையும் ஒரு வரியாக எழுதுவாள். வரியின் மேல் கர்சரை வைத்து ஒரு பொத்தானைத் தட்டினால் எடிட்டர் அதை ஷெல்லிடம் கொடுக்கும். பதில் அந்த வரிக்குக் கீழே வந்து உட்காரும். என்ன செய்தோம், எப்போது செய்தோம் என்பதெல்லாம் அச்சடித்தாற்போல் அங்கேயே கிடக்கும்.

ஷெல் என்பது வேறொன்றுமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படித்து மெஷினிடம் வேலை வாங்குகிற கங்காணி. இந்தக் கங்காணிக்கு ஒரு குணம். நடுவில் இடைவெளி விட்டால் இரண்டு ஆள் என்று எடுத்துக்கொள்வான். 'மூ வீரம்மா' என்று சும்மா எழுதினால் மூ ஒரு ஆள், வீரம்மா இன்னொரு ஆள். இரண்டும் சேர்ந்து ஒரே ஆள் என்று சொல்ல மேற்கோள் குறி போட வேண்டும். குமாரிக்கு இது தெரியாதா? போட்டாள். அழி, கேள்வி கேட்காதே, இல்லாததைப் பற்றி முணுமுணுக்காதே என்கிற கட்டளையை எழுதி, மேற்கோள் குறிக்குள் 'மூ வீரம்மா'வை வைத்துப் பொத்தானைத் தட்டினாள்.

பதில் ஒன்றும் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரட்டைக் குறியை ஒற்றைக் குறியாக்கித் தட்டினாள். இருந்தது. குறியே வேண்டாம் என்று இடைவெளிக்கு முன் ஒரு சாய்கோடு போட்டாள். அப்போதும் இருந்தது. குமாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு இணையத்தில் தேடிப் படித்தாள். அரை மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டது. ஸ்கேன்கள் இருப்பது பின் அறையிலுள்ள சர்வரில். அவள் எழுதிய வரியை முதலில் அவளுடைய லேப்டாப்பில் இருக்கும் ஷெல் படிக்கும். பிறகு சர்வரில் இருக்கும் ஷெல் படிக்கும். ஆக, கங்காணி இரண்டு பேர். முதலாமவன் மேற்கோள் குறியைப் பார்த்து, சரி, ஒரே ஆள்தான் என்று புரிந்துகொள்கிறான். குறியைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டு, வெறும் பெயரை அடுத்தவனிடம் சொல்லி அனுப்புகிறான். அப்படியென்றால் குறிக்கு மேல் குறி போட்டு அனுப்ப வேண்டும். நான்காவது முறை அப்படியே போட்டாள். ஃபோல்டர் போய்விட்டது.

என்ன சந்தோஷம் அவளுக்கு. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'மேற்கோள் குறி: இரண்டு அடுக்கு' என்று ஒரு குறிப்பே எழுதிப் போட்டாள். புவனா ஒரு வார்த்தை புரியாமல் கட்டைவிரல் காட்டினாள். சிக்கலை அவிழ்த்துவிட்டோம் என்கிற பெருமையில், முதல் மூன்று தடவை அந்தக் கட்டளை சும்மாவா இருந்திருக்கும் என்று குமாரி யோசிக்கவே இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கூக்காலில் வீரம்மா வீட்டுத் தகரம் இரண்டு காற்றில் பறந்தன. டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிக் குடும்ப அட்டை கூழாகிப் போனது. வீரம்மா கலங்கவில்லை. அதான் கொடைக்கானல் ஆபிஸில் இருக்கிறதே.

கார்த்திகையில் மகள் கலைமணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பட்டாவுக்குக் குடும்ப அட்டை நகல் கேட்டிருந்தார்கள். புவனா பட்டியலில் தேடினாள். மூக்கையா வீரம்மா இருந்தாள். வேறு இனிஷியல்களோடு இன்னும் இரண்டு வீரம்மாக்கள் இருந்தார்கள். கூக்கால் வீரம்மா இல்லை.

"அம்மா, நீங்க இங்கதான் குடுத்தீங்களா?"

"என்ன பிள்ள இப்படிக் கேக்குற? இந்தா, இந்தப் பிள்ளகிட்டதான் குடுத்தேன்" என்று வீரம்மா குமாரியைக் காட்டினாள்.

புவனா திரும்பி, "குமாரி, நீ ஸ்கேன் பண்ணியா?" என்றாள்.

குமாரிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பைக்குள் பை, அதற்குள் துணி, மாமனுக்குப் பின்னால் நின்ற பன்னிரண்டு வயதுப் பெண், வாந்திக் கதை, எல்லாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ எங்கே என்பது. அது அவளுக்கே தெரியாது. நானூறு குடும்பம் நம்பி ஒப்படைத்த இடம். குமாரி கை பட்டால் தப்பாது என்ற பேர். எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன.

"எனக்கு ஞாபகம் இல்ல மேடம்" என்றாள்.

வீரம்மா அவள் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ கணக்கு இடிக்கிறதே என்பதுபோல், குழப்பமாகப் பார்த்தாள்.

"எங்கம்மாவுக்கு வயசாச்சுங்க மேடம். கொண்டாரணும்னு நெனச்சிருக்கும், கொண்டாந்ததாவே நெனச்சிருச்சு போல" என்றாள் கலைமணி. புவனாவும் அன்பாகத்தான், "பரவால்லம்மா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள். வீரம்மாவும், "அப்படித்தான் இருக்கும் போல" என்று எழுந்தாள். வாசல்படியில் இறங்கும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வரும்போது அவள் யார் கையையும் பிடிக்கவில்லை.

அவர்கள் போனதும் குமாரி எடிட்டரைத் திறந்து அந்தக் கோப்பை மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு வரிகளும் வரிசையாகக் கிடந்தன. முதல் வரியைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. முதல் கங்காணி குறியைக் கழற்றிவிட்டான். இரண்டாமவன் கையில் போய்ச் சேர்ந்தது இரண்டு ஆள். மூ என்று யாரும் இல்லை. முணுமுணுக்காதே என்று சொல்லியிருந்ததால் அவன் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வீரம்மா. அந்தப் பெயரில் ஒருத்தி இருந்தாள். இனிஷியல் இல்லாத ஒரே வீரம்மா. முதல் தட்டிலேயே அவளை அழித்துவிட்டுத்தான் ஒன்றுமே நடக்காததுபோல் சும்மா இருந்திருக்கிறான். ஃபோல்டர் போனதும் பட்டியலிலிருந்து பெயரும் தானாகப் போய்விட்டது. மாற்றுப் பிரதி வைக்கும் டிஸ்கில் மூன்று மாதத்துக்கு மேல் பழையது தங்காது. ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இந்த இடம்வரை குமாரியின் மேல் பெரிதாகப் பழி சொல்ல முடியாது. ஆனைக்கும் அடி சறுக்கும். அடுத்து அவள் செய்ததுதான் கைதவறி நடந்தது அல்ல. அந்த முதல் மூன்று வரிகளையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். நான்காவதை மட்டும் விட்டுவைத்தாள். பார்க்கிறவர்களுக்கு முதல் முறையிலேயே சரியாகச் செய்தவள் போலத் தெரியும். கோப்பைச் சேமித்துவிட்டு, வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினாள். தண்ணீர் ஐஸாக இருந்தது. இரண்டு தடவை கழுவினாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மா சொல்லவில்லை. பஸ்ஸில் ஸ்வெட்டர் போட்ட அம்மாக்கள் யார் ஏறினாலும் குமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் சோற்றில் உப்பு இல்லை என்று ஞானவேல் சொன்னதற்கு அழுதாள். என்ன ஏது என்று அவன் கேட்டதற்குத் தலைவலி என்றாள். ஒரு பொய்க்கு ஒன்பது பொய்.

மார்கழி நடுவில் கலைமணி தனியாக வந்தாள். அட்டை தொலைந்துபோனதற்கு எங்கே மனுப் போடுவது என்று கேட்க வந்தவள், அதோடு இன்னொன்றும் கேட்டாள்.

"அக்கா, நீங்கதான் நல்லா எழுதுவீங்கன்னாங்க. அம்மாவ டாக்டர்கிட்ட காமிக்கணும். நான் சொன்னா வெளங்காது. என்ன ஏதுன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்களேன்."

"அம்மாவுக்கு என்ன?"

"மறதிதான் அக்கா. ஆபிஸ் வந்துட்டுப் போனதுல இருந்து அதுக்குத் தன்மேலயே நம்பிக்கை இல்ல. அடுப்ப அணைச்சனான்னு நாலு தரம் எந்திரிச்சுப் பாக்குது. ஊர்ல ஆள் கூப்பிடுறது அதுதான். நாளைக்கு யாரு தோட்டத்துல கேரட்டு, யாரு தோட்டத்துல பூண்டு, எத்தன பேரு, யாரு யாருன்னு இருபத்தஞ்சு பொம்பளைகளுக்கும் வாயாலயே சொல்லும். ஒரு நாள் பிசகுனதில்ல. இப்ப போறதில்ல. என்னால ஏலாதுன்னு சொல்லிருச்சு. நானும் சரி விடுன்னுட்டேன்."

குமாரி பேனாவை எடுத்தாள். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. அவள் சொல்லவில்லை. கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக எழுதினாள்: 'என் தாயார் வீரம்மா, கூக்கால், கடந்த சில மாதங்களாக ஞாபக மறதியால் அவதிப்படுகிறார். கொடுக்காத பொருளைக் கொடுத்ததாக எண்ணிக்கொள்கிறார்.' இரண்டாவது வாக்கியத்தை எழுதச் சொல்லிக் கலைமணி கேட்கவில்லை. மனு என்றால் விவரம் வேண்டும் என்ற பழக்கத்தில் அவள் கையே எழுதிவிட்டது. கலைமணி தாளை மடித்து, "ரொம்ப நன்றி அக்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தப்புச் செய்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். தப்பை மறைப்பவர்களும் ஊரில் உண்டு. ஆனால் அடிபட்டவளுக்கே, கோளாறு உன் தலையில்தான் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவள் நம் குமாரி ஒருத்திதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைப் பாவமே எழுதிக் கையில் கொடுத்தது. அன்று முழுக்க அவளால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

பொங்கல் கழிந்து அலுவலகம் திறந்த அன்று காலையிலேயே புவனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேற்கோள் குறி, இரண்டு கங்காணி, அழித்த வரிகள், மனு, எதையும் விடவில்லை. புவனா டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது குமாரி?" என்றாள் கடைசியில். "ஸ்கேன் திரும்பி வரப் போறதில்ல. வெளிய தெரிஞ்சா நானூறு குடும்பமும் நாளைக்கே வாசல்ல வந்து நிக்கும். எங்களோடது இருக்கா, எங்களோடது இருக்கான்னு. அப்புறம் ஒருத்தரும் ஒரு காகிதம் குடுக்க மாட்டாங்க. அந்தம்மாவுக்கு முகாம் ரெக்கார்டுல இருந்து நகல் எடுக்க நான் அலையறேன். லேட் ஆகும், ஆனா கெடைக்கும். நீ வாயத் திறக்காத."

"அவங்க தனக்கு மறதின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க மேடம்."

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்?"

புவனா கெட்டவள் இல்லை. அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. குமாரிக்கு ஒரு வாரம் அது பெரிய ஆறுதலாகக்கூட இருந்தது. மேடமே சொல்லிவிட்டாள், நான் என்ன செய்ய. ஆனால் அந்த ஆறுதல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் புளித்தது. அன்றைக்குத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த வீரம்மா, சோறு உண்ணும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் எதிரே வந்து நின்றாள்.

தை கடைசியில், ஒரு புதன்கிழமை, குமாரி லீவு சொல்லாமல் கூக்கால் பஸ் ஏறினாள். அந்த ஊருக்குப் பஸ் அதிகம் கிடையாது. வெள்ளனே கிளம்புகிறதை விட்டால் மதியம்தான். பையில் ஒரு தாள் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. மாசி மாதம் இன்ன தேதியில் கூக்கால் வீரம்மாவின் குடும்ப அட்டையை நான் ஸ்கேன் செய்தேன், ஆனி மாதம் இன்ன தேதியில் என் கவனக்குறைவால் நானே அழித்துவிட்டேன், ஸ்கேன் செய்தது ஞாபகம் இருந்தும் இல்லை என்று சொன்னேன். கீழே பெயர், கையெழுத்து. ஞானவேலிடம் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்துவிட்டு, "வேல போயிரும்டி" என்றான். "தெரியும்" என்றாள். "சரி, போயிட்டு வா. பூம்பாறை தாண்டுனா குளிரும், சால்வை எடுத்துக்க" என்றான்.

வீரம்மா வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தகரத்துக்குப் பதில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. கலைமணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க அக்கா, டாக்டர்ட்ட போயிட்டு வந்தோம், உங்க தாளப் படிச்சுட்டு நல்லா எழுதிருக்குன்னாரு" என்றாள். குமாரிக்கு அங்கேயே திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். பெரிதாக விளக்க முயலவில்லை. ஷெல், சர்வர் என்று ஒன்றும் சொல்லவில்லை. "பெரியம்மா, நீங்க அட்டையக் குடுத்தீங்க. நான்தான் வாங்குனேன். நான்தான் மெஷின்ல ஏத்துனேன். இன்னொரு வீரம்மாவ எடுக்கப் போயி, ஒங்களோடத நான்தான் அழிச்சுட்டேன். அன்னிக்கு எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. பயத்துல இல்லைன்னுட்டேன்."

தாளை நீட்டினாள். வீரம்மா வாங்கவில்லை, மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். கலைமணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிச் சத்தமாகப் படித்தாள். பாதியில் அவள் குரல் நின்றது.

"முழுசாப் படி" என்றாள் வீரம்மா.

படித்தாள். வீரம்மா உரித்த பூண்டைக் கூடையில் போட்டுவிட்டுக் குமாரியைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ பச்சச் சுடிதாரு போட்டிருந்த. கையில ஒரு விரல்ல பிளாஸ்திரி. என்னன்னு கேட்டேன். கத்தி பட்டிருச்சு பெரியம்மான்ன. சரிதான?"

"சரிதான் பெரியம்மா."

"எம் போட்டோவப் பாத்து, மாமனுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறீங்களேன்னு சிரிச்ச."

"ஆமா."

வீரம்மா மகள் பக்கம் திரும்பினாள். "கேட்டியாடி?" என்றாள். கலைமணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வீரம்மாவின் கண்ணில் ஒன்றும் இல்லை.

"என்னைய மன்னிச்சிருங்க பெரியம்மா" என்று குமாரி காலைத் தொடக் குனிந்தாள். வீரம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"காகிதம் போனா போகுது. மழையில எனக்குந்தான் நனைஞ்சு போச்சு. மெசினுல ஒனக்குக் கை தவறிப் போச்சுன்னா அதுவும் அந்த மாதிரிதான், நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள் நிதானமாக. "ஆனா அன்னிக்கு ஒம் மொகத்தத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். நம்ம பிள்ள, நம்ம சனம், பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். நீ இல்லைன்னதும் எனக்கு எம்மேல சந்தேகம் வந்துச்சே ஒழிய, ஒம்மேல வரல. மூணு மாசமா வரல."

குமாரி நின்றாள்.

வீரம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பாதி தின்று பாதி மிச்சம். "ஞாபகத்துக்குன்னு குடுத்தாங்க. காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு. தின்னா தலையச் சுத்தும். அப்பவும் விடாமத் தின்னேன்" என்று சொல்லி, அதைக் குமாரியின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இந்தா, இது ஒனக்குத்தான் வேணும்" என்றாள். "எனக்கு ஒன்னுமில்ல."

பிறகு சால்வையை உதறிப் போர்த்துக்கொண்டு, நாளைய வேலைக்கு ஆள் சொல்ல வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டு, தோட்டத்துப் பக்கம் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கலைமணி தாளை மடித்தபடி வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. மதிய பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. குமாரி மாத்திரைகளைக் கீழே வைக்கவில்லை. அவற்றைப் பிடித்தபடியே நடந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து காத்திருந்தாள்.